மலையை விட்டு இறங்காமல் டிமென்ஷியா பராமரிப்பு ஆய்வு: தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு நிதி கிடைக்கும் வழிகள்

நீலகிரியில் நர்சிங், சமூகப்பணி, உளவியல், பொது சுகாதாரம் படித்தவர்களில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் பராமரிப்பு பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வருடமோ ஐந்து வருடமோ இதையே முழுநேரமாகச் செய்ய யார் சம்பளம் தருவார்கள் என்ற இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ ஒரு வேலை கிடைக்கிறது, மலை இறங்கிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதியது. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். புராஜெக்ட் பணம் என்பது ஒரு ஆய்வை முடிக்கத் தருவது. தொழில் வளர்ச்சி நிதி, அதாவது ஃபெல்லோஷிப், ஒரு ஆளை வளர்க்கத் தருவது. உங்கள் சம்பளம், பயிற்சி, பயணம், கொஞ்சம் ஆய்வுச் செலவு எல்லாம் அதில் வரும். தேர்வுக் குழு இதில் முதலில் பார்ப்பது ஆளை, அடுத்தது அந்த ஆளைத் தாங்கப் போகும் நிறுவனத்தை. ஆய்வுத் திட்டம் மூன்றாவதுதான். நான் பார்த்த வரையில், நல்ல கேள்வி கையில் இருந்தும் விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் நிறுவனம் என்ற இடத்தில்தான். அதனால் அந்தப் படியைக் கீழே கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

படி 1: எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒவ்வொரு நிதிக்கும் தகுதி வரம்பு உண்டு. முதுநிலைப் பட்டம் மட்டும் உள்ளவர், பிஎச்டி நடுவில் இருப்பவர், பிஎச்டி முடித்து மூன்று நான்கு வருடம் ஆனவர், கல்லூரியில் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டவர், குழந்தைகளுக்காக வேலையை விட்டுத் திரும்ப வர நினைப்பவர் என ஆளுக்கு ஒரு வாசல் இருக்கிறது. முதுநிலைப் பட்டம் வாங்கிய தேதி, பிஎச்டி பதிவுத் தேதி, வைவா நடந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, இடைவெளிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பல திட்டங்களில் வயதை விட, பட்டம் வாங்கி எத்தனை வருடம் என்பதுதான் கணக்கு. மகப்பேறு, நோய், வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொண்ட காலம் ஆகியவற்றை எந்தத் திட்டம் கழித்துக் கணக்கிடுகிறது என்பதை அறிவிப்பில் தேடிப் பாருங்கள்.

படி 2: மலையிலிருந்து எழும் கேள்வியைப் பிடியுங்கள்

“இந்தியாவில் டிமென்ஷியா அதிகரித்து வருகிறது” என்று தொடங்கும் புரபோசலைத் தேர்வுக் குழு ஆயிரம் தடவை படித்திருக்கும். எண் வேண்டுமானால் இருக்கிறது. லாசி-டாட் என்ற தேசிய ஆய்வின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம், ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். மக்கள்தொகையில் முதியோர் பங்கு கேரளத்துக்கு அடுத்து தமிழ்நாட்டில்தான் அதிகம், 2021 கணிப்பில் 13.6 சதவீதம். இதை ஒரே பத்தியில் முடித்துவிட்டு மலைக்கு வாருங்கள்.

வளரும் நாடுகளின் டிமென்ஷியா ஆய்வில் 10/66 குழு ஒரு மைல்கல். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயர். 1998இல் தொடங்கியது நம் பக்கத்துக் கொச்சியில். அந்தக் குழுவின் இந்தியக் களங்கள் சென்னை நகரமும் வேலூர் கிராமங்களும். இரண்டும் சமவெளி. கர்நாடகத்தின் சீனிவாசபுராவில் பெங்களூரு மூளை ஆய்வு மையம் நடத்தும் நீண்டகாலக் கிராம ஆய்வும் சமவெளியில்தான்.

இனி நம் பக்கம் பாருங்கள். ஒரே மாவட்டத்தில் ஹட்டி எனப்படும் படகர் ஊர்கள், தேயிலைத் தொழிலாளர்களின் எஸ்டேட் லைன் வீடுகள், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் வாழும், அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் குடியிருப்புகள், கூடலூர் பந்தலூரில் மலையாளம் பேசும் குடும்பங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும், பெரியவர்கள் மேலே. நரம்பியல் மருத்துவரைப் பார்க்கக் குடும்பங்கள் கோவைக்கு இறங்குகின்றன. கூடலூர்க்காரர்கள் வயநாட்டுக்கோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். அங்கே போனால் கேரளத்தின் சமூக வலிநிவாரணப் பராமரிப்பு முறை கண்ணில் படுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே குடும்பம் என்ன செய்கிறது? இது ஒரு முழு ஃபெல்லோஷிப்புக்கான கேள்வி.

இன்னொன்று, நினைவாற்றல் சோதனை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் பள்ளிக்கே போகாத பாட்டி திணறுவார். அதே பாட்டி ஐம்பது வருடம் தேயிலை பறித்தவர். எடை போடும் இடத்தில் தன் பைக்கு எத்தனை கிலோ எழுதினார்கள், தண்ணீருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று வாரம் முழுக்க மனக்கணக்கில் வைத்திருந்தவர். அந்தக் கணக்கு எப்போது தடுமாறத் தொடங்கியது என்று மருமகளைக் கேட்டால் சொல்வாள். பள்ளிப் படிப்பைச் சாராத சோதனைகளுக்கு நாட்டில் முன்மாதிரி உண்டு. ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வுக்காக இந்தியில் தனிச் சோதனையே உருவாக்கினார்கள். இந்திய மருத்துவ ஆய்வுக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் நரம்பு-அறிதிறன் கருவித் தொகுப்பு முதலில் வெளிவந்தபோது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழிகளில் இருந்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. அப்படியிருக்க, படகர் மொழி பேசும் தாத்தாவை எந்தக் கருவியால் அளப்பது?

பராமரிப்புத் தலையீடு பற்றி யோசிப்பவர்கள் 2008இல் வெளியான கோவா ஆய்வைத் தேடிப் படியுங்கள். 81 குடும்பங்கள். மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் மேம்பட்டது. நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடிப் போகிறது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வலிநிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. அந்த ஊழியர்கள் ஏறாத மேடு கிடையாது. கோவாவில் செய்ததை இவர்களை வைத்துச் செய்ய முடியுமா என்று சோதிப்பது, சின்னதாக, கையடக்கமாக, நிதி கிடைக்கக்கூடிய கேள்வி.

சரி, கையில் ஒரு கட்டுரைகூட இல்லையே என்கிறீர்களா? லாசி-டாட் தரவு ஆய்வாளர்களுக்குப் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் முதியவர்களின் தரவு. அதில் பராமரிப்பவர் பற்றி ஒரு நல்ல கேள்வியை எடுத்து, புள்ளியியல் தெரிந்த ஒருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுங்கள். செலவு உங்கள் நேரம் மட்டும்தான். உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்கலாம். லைப்ரேரியனைக் கேளுங்கள். கேட்காததால் பூட்டியே கிடக்கும் இடங்கள் உண்டு.

படி 3: ஹோஸ்ட் நிறுவனம், கைடு

ஃபெல்லோஷிப் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. ஒரு நிறுவனம் அதைப் பெற்று, கணக்கு வைத்து, உங்களுக்குச் சம்பளம் தந்து, ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அரசு நிதி என்றால் பொதுவாக மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் ஆகியவைதான். தொண்டு நிறுவனமாக இருந்தால் மத்திய அறிவியல் தொழிலக ஆய்வுத் துறையின் (டிஎஸ்ஐஆர்) அங்கீகாரம், நிதி ஆயோக்கின் தர்பன் பதிவு போன்றவற்றைக் கேட்பார்கள். மலையில் சேவை செய்யும் பல அமைப்புகளிடம் நல்ல பெயர் இருக்கும், இந்தத் தாள்கள் இருக்காது.

ஆகவே நான் சொல்லும் வழி, இரண்டு நிறுவனங்களைச் சேர்த்துக் கட்டுவது. கீழே ஆய்வு அனுபவமும் அக்கவுண்ட்ஸ் பிரிவும் எத்திக்ஸ் கமிட்டியும் உள்ள ஒரு ஹோஸ்ட். மேலே களத்தில் மக்களோடு இருக்கும் ஒரு கூட்டாளி. நீங்கள் இரண்டுக்கும் நடுவில், மலையில்.

மேலே யார் யார்? உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கியது, புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. புதுக் கல்லூரி என்பதால் ஆய்வுப் பாரம்பரியம் இனிமேல்தான் வர வேண்டும். அதையே ஒரு வாய்ப்பாகவும் பாருங்கள், முதல் ஆளாக நீங்கள் போய்ப் பேசலாம். உதகையில் ஜேஎஸ்எஸ் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஷ்வினி, கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் இரண்டும் பழங்குடி மக்களிடம் பல பத்தாண்டு பழக்கம் உள்ளவை. பழனி மலைப் பக்கம் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், அடிவாரத்தில் காந்திகிராமம், ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை.

கீழே என்றால் வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னையில் மனநல ஆய்வு செய்யும் ஸ்கார்ஃப், ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். ஸ்கார்ஃப் முதியோர் டிமென்ஷியாவுக்கென்று தனிச் சேவையே நடத்துகிறது, பன்னாட்டுப் பராமரிப்பு ஆய்வுகளிலும் பங்கேற்றிருக்கிறது.

கைடுக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் பற்றி ஒரு வார்த்தை. “மதிப்பிற்குரிய ஐயா, நான் ஆய்வில் ஆர்வமுள்ளவள், தங்கள் வழிகாட்டுதல் வேண்டும்” என்று மட்டும் எழுதினால் பதில் வருவது கஷ்டம். அவர்களுக்கு அப்படித் தினமும் வருகிறது. உங்கள் கேள்வி மூன்று வரி, உங்களுக்கு மட்டும் கிடைக்கும் களம் எது என்று இரண்டு வரி, எந்தத் திட்டத்துக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி, அவருடைய எந்த ஆய்வைப் படித்துவிட்டு எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக நினைவூட்டுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு வெளிப்படையாகக் கேட்க வேண்டிய மூன்று: எனக்கு மாதம் எத்தனை மணி நேரம் தர முடியும், கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது, நான் மலையில் தங்கி வேலை செய்வதை நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ளுமா. மூன்றாவதை வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள். டைரக்டர் மாறினால் பேச்சும் மாறும்.

படி 4: எந்தக் கதவு உங்களுக்கு

முதுநிலை முடித்தவர்களுக்கு வழக்கமான பாதை யுஜிசி அல்லது ஐசிஎம்ஆர் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு ஃபெல்லோஷிப்) தேர்வு எழுதி பிஎச்டி சேர்வது. 2023 ஜனவரி முதல் யுஜிசி தொகை ஜேஆர்எஃப்புக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப்புக்கு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. பழங்குடி மாணவர்களுக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய ஃபெல்லோஷிப் ஆண்டுக்கு 750 பேருக்குக் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர பிஎச்டி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம். அரசுக் கல்லூரிகளில் பிஎச்டி செய்பவர்களுக்கு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது. எம்பிபிஎஸ் மாணவர்கள் ஐசிஎம்ஆரின் இரண்டு மாதக் குறுகிய கால ஆய்வுத் திட்டத்தில் தொடங்கலாம். கேள்வி கேட்கப் பழகுவதற்கு அது நல்ல இடம்.

தொழில் வளர்ச்சி நிதி என்ற பெயருக்கு முழுதாகப் பொருந்துவது இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது, துறை 1,000 கோடி, வெல்கம் 500 கோடி. புதிய கட்டம் 2030-31 வரை. தொடக்கநிலை ஃபெல்லோஷிப்பில் மருத்துவம், பொது சுகாதாரம் என்று தனிப் பிரிவு இருந்துவந்திருக்கிறது. அதில் எம்.டி., எம்.பி.எச். போன்ற பட்டம் இருந்தால் பிஎச்டி இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். முதற்கட்ட விண்ணப்பம், முழு விண்ணப்பம், நேர்காணல் என்று மூன்று கட்டம். போட்டி கடுமைதான், ஆனால் பராமரிப்பு ஆய்வை மருந்து ஆய்வுக்குத் தம்பியாக நடத்தாத இடங்களில் இது ஒன்று என்பது என் எண்ணம். புதிய கட்டத்தில் விதிகள் மாறலாம், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே முடிவெடுங்கள்.

சமூகப்பணி, சமூகவியல், பொருளாதாரம் படித்தவர்கள் இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கவுன்சிலை (ஐசிஎஸ்எஸ்ஆர்) மறக்கவே கூடாது. பராமரிக்கும் பெண்ணின் இழந்த கூலி, குடும்பத்துக்குள் பொறுப்புப் பங்கீடு போன்ற கேள்விகள் மருத்துவ நிதிக் குழுவுக்குப் புரியாமல் போகலாம், அங்கே புரியும். பிஎச்டிக்குப் பிந்தைய முதுமுனைவர் ஃபெல்லோஷிப்பும் உண்டு, சிறு ஆய்வுத் திட்டங்களும் உண்டு.

பிஎச்டி முடித்தவர்களுக்கு ஐசிஎம்ஆரின் முதுமுனைவர் ஃபெல்லோஷிப் இருக்கிறது, ஆனால் அது ஐசிஎம்ஆர் நிறுவனங்களில் மட்டும். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் அறிதிறன் அறிவியல் திட்டம், சோதனைக் கருவி உருவாக்குபவர்களுக்குப் பொருத்தம். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய முதுமுனைவர் ஃபெல்லோஷிப் இரண்டு வருடம், வயது வரம்பு 35, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. அதே அறக்கட்டளை நிரந்தர வேலையில் உள்ள இளம் ஆசிரியர்களுக்குத் தொடக்கநிலை ஆய்வு நிதியும் தருகிறது. மூளை ஸ்கேன், ரத்தக் குறியீடு, செயலி என்று ஏதாவது ஒரு கால் அறிவியலில் இருந்தால் அங்கே தைரியமாகப் போகலாம். சுத்தமான பராமரிப்பு ஆய்வுக்கு அங்கே நேரம் செலவழிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கு வைஸ்-கிரண் திட்டத்தின் பிஎச்டி, முதுமுனைவர் பிரிவுகளும், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டமும் இருக்கின்றன. மாமியாருக்கு மறதிநோய் வந்ததால் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர்! அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் வெட்கப்படாமல் எழுதுங்கள்.

வெளிநாட்டு வாய்ப்புகளில் பராமரிப்பு ஆய்வாளர்களுக்கு நான் முதலில் சொல்வது உலக மூளை நல நிறுவனத்தின் அட்லாண்டிக் ஃபெல்லோஷிப். சான்பிரான்சிஸ்கோவிலோ டப்ளினிலோ ஒரு வருடம், உதவித்தொகையுடன். மருத்துவர்கள் மட்டும் என்றில்லை, நர்ஸ், சமூகப் பணியாளர், கலைஞர்கள்கூடப் போகிறார்கள். முடித்து ஊர் திரும்பியவர்கள், அந்த நிறுவனமும் அமெரிக்க அல்சைமர் சங்கமும் பிரிட்டன் அல்சைமர் சொசைட்டியும் சேர்ந்து தரும் முன்னோடி நிதிக்கு விண்ணப்பிக்கலாம், சுமார் 25,000 டாலர். மலையில் ஒரு சாத்தியக்கூறு ஆய்வுக்கு அது தாராளம். அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் முதுமுனைவர் ஃபெல்லோஷிப்புக்கு இந்தியாவில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். முதலில் ஒரு விருப்பக் கடிதம் அனுப்ப வேண்டும், அது ஏற்கப்பட்டால்தான் முழு விண்ணப்பம்.

இணையத்தில் இந்தத் தலைப்பில் தேடினால் பிரிட்டன் திட்டங்கள்தான் கொட்டும். அங்கே தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தின் ஆரம்ப சுகாதாரம், பொது சுகாதாரம், சமூகப் பராமரிப்பு ஆகிய மூன்று ஆய்வுப் பள்ளிகளும் சேர்ந்து டிமென்ஷியாவுக்கென்றே தொழில் வளர்ச்சி விருதுகள் தந்திருக்கின்றன. படித்துப் பாருங்கள், விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள நல்ல பாடம். ஆனால் அவை அங்குள்ள நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு. வெல்கம் அறக்கட்டளையின் தொடக்கநிலை விருது, வளரும் நாடுகளுக்கும் உண்டு என்று படித்துவிட்டு நம்மவர்கள் வாரக்கணக்கில் எழுதுகிறார்கள். விதியில் இந்தியாவும் சீனாவும் நீங்கலாக என்று இருக்கும். இந்தியாவுக்குத்தான் தனியாக இந்தியா அலையன்ஸ் வைத்திருக்கிறார்களே. ஐரோப்பாவுக்குப் போகத் தயார் என்றால் மேரி கியூரி முதுமுனைவர் ஃபெல்லோஷிப், பிஎச்டி முடித்து 8 வருடத்துக்குள், எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

படி 5: வெளிநாட்டுப் பணம் என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

உங்கள் ஹோஸ்டுக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் (எஃப்சிஆர்ஏ) பதிவு இருக்கிறதா? 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை. நான் மேலே சொன்ன இரண்டு நிறுவன ஏற்பாட்டில் இது நேராக இடிக்கும். கீழே உள்ள ஹோஸ்ட் வாங்கி மலைக் கூட்டாளிக்கு மானியமாக அனுப்ப முடியாது. களச் செலவுகளை ஹோஸ்டே நேரடியாகச் செய்யும்படி பட்ஜெட்டை ஆரம்பத்திலேயே எழுத வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வெளிநாட்டுக் கூட்டாளியோ நிதியோ உள்ள சுகாதார ஆய்வுக்கு, ஐசிஎம்ஆர் வழியாக இயங்கும் சுகாதார அமைச்சகத் திரையிடல் குழுவின் அனுமதியும் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். காலஅட்டவணையில் முதல் ஆறு மாதத்தைக் களவேலை என்று நிரப்பிவிடாதீர்கள்.

படி 6: விண்ணப்பத்தை எழுதுவது

ஆய்வுத் திட்டத்தை எழுதத் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறும் பகுதி, பயிற்சித் திட்டம். “புள்ளியியல் கற்றுக்கொள்வேன்” என்பது திட்டம் ஆகாது. எந்தத் திறன் இன்று என்னிடம் இல்லை, என் ஆய்வின் எந்தக் கட்டத்தில் அது தேவை, எங்கே யாரிடம் எத்தனை வாரத்தில் கற்பேன் என்று எழுதுங்கள். பராமரிப்பு ஆய்வாளருக்குப் பொதுவாகத் தேவைப்படுபவை பண்புசார் நேர்காணல் பகுப்பாய்வு, சோதனைக் கருவியை மொழிக்கு ஏற்ப மாற்றும் முறை, சிறு சோதனை ஆய்வு வடிவமைப்பு, செலவுக் கணக்கு.

தலையீடு செய்யப் போகிறவர்கள் பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் 2021 சட்டகத்தைப் பயன்படுத்துங்கள். உருவாக்கம், சாத்தியக்கூறு, மதிப்பீடு, செயலாக்கம் என்று நான்கு கட்டம். தொடக்கநிலை ஃபெல்லோ முதல் இரண்டை எடுத்துக்கொண்டால் போதும். மாவட்டம் முழுக்க எல்லாம் செய்வேன் என்று எழுதினால் கமிட்டி சிரிக்கும்.

குடும்பங்களின் பங்கு எங்கே என்று இப்போதெல்லாம் கட்டாயம் கேட்கிறார்கள். பராமரிக்கும் நான்கைந்து பேரை ஆலோசனைக் குழுவாக வைத்து, கேள்வித்தாளை அவர்கள் பார்த்துத் திருத்தியதை விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். அப்படிக் காட்டினால் மதிப்பீட்டாளருக்கு உங்கள் கால் மண்ணில் இருப்பது தெரியும்.

எழுதி முடித்ததும், துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுங்கள். ஒரு தடவை படித்துவிட்டுத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் தயாராகவில்லை.

படி 7: மலை பட்ஜெட்

சமவெளி பட்ஜெட்டைக் காப்பி அடித்தால் மூன்றாவது மாதமே கை கடிக்கும். ஒரு சாதாரண வீட்டு நேர்காணலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன். பராமரிக்கும் மகள் காலையில் இலை எடுக்கப் போனால் மாலைதான் வீடு. களப்பணியாளர் பகலில் போனால் பேசுவதற்கு ஆள் இல்லை, நோயாளி மட்டும் இருப்பார், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கண் வைத்திருப்பார். மாலையில் போனால் பேசி முடிக்க இருட்டிவிடும், கடைசி பஸ் போய்விடும், வழியில் காட்டுமாடு நிற்கும். பெண் களப்பணியாளருக்கு அரசு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் இல்லாத பஸ்ஸில் யார் ஏறுவது? ஆக அந்த ஒரு நேர்காணலுக்குத் திரும்பி வர ஜீப் வாடகை வேண்டும், அல்லது அந்த மகளின் ஒரு நாள் கூலியை ஈடு கட்டிப் பகலில் பேச வேண்டும். இரண்டையும் பட்ஜெட்டில் எழுதுங்கள், காரணத்தோடு. கூலி ஈட்டை எத்திக்ஸ் கமிட்டி ஏற்கும், ஆசை காட்டுவது போலத் தொகை பெரிதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வண்டி வாடகை என்றதும் கோவைக் கம்பெனியை நாடாதீர்கள். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உள்ளூர்ப் பதிவு வண்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை, டிரைவருக்கு வளைவும் தெரியும் வீடும் தெரியும்.

மற்றவை சுருக்கமாக: படகர் மொழி, பணியர் மொழி, மலையாளம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள், ஒலிப்பதிவை எழுத்தாக்கும் கூலி, எத்திக்ஸ் கட்டணம், கூட்டாளி அமைப்பின் ஊழியர் நேரத்துக்குப் பணம். கடைசியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அவர்கள் பல வருடமாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையை இலவசமாகப் பயன்படுத்துவது சரியல்ல.

படி 8: அனுமதிகள்

எத்திக்ஸ் கமிட்டி மத்திய சுகாதார ஆய்வுத் துறையில் பதிவு பெற்றதா என்று உறுதி செய்யுங்கள். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைதான் அடிப்படை. டிமென்ஷியாவில் பெரிய சிக்கல் ஒப்புதல். முதியவருக்கு இன்று புரியும், ஆறு மாதத்தில் புரியாமல் போகலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் மறுபடி கேட்பேன், அவர் முகம் சுளித்தால் நிறுத்திவிடுவேன், குடும்பத்தின் ஒப்புதலோடு அவருடைய சம்மதக் குறிப்பும் வேண்டும் என்று நடைமுறையை எழுதுங்கள். தலையீட்டு ஆய்வில், ஒப்புதல் தர இயலாதவர்களைச் சேர்ப்பதானால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவைப் படித்துவிட்டுக் கமிட்டியிடம் பேசுங்கள், மாநில மனநல ஆணைய அனுமதி பற்றி அது சொல்கிறது. தலையீட்டுச் சோதனைகளை முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிய வேண்டும்.

பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போவதானால் மாவட்ட நிர்வாகம், வனப்பகுதிக்குள் என்றால் வனத்துறை. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தை ஆரம்பத்திலேயே சந்தியுங்கள். அப்புறம், தாள் அனுமதி எல்லாம் வாங்கினாலும் ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய் உட்கார்ந்து பேசுவதைத் தவிர்க்க முடியாது.

படி 9: காலக்கணக்கு, நேர்காணல், மறுப்பு

விண்ணப்பக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். கைடும் ஹோஸ்டும் முடிவாக முதல் நான்கு மாதம், முன்னோட்டத் தரவும் குடும்பங்களின் ஆலோசனையும் அடுத்த நான்கு, எழுத்தும் கையெழுத்துகளும் கடைசி நான்கு. நிறுவனத் தலைவர் கையெழுத்துக்கு மட்டும் தனியாக மூன்று வாரம் ஒதுக்குங்கள். களவேலை அட்டவணையில் கூடலூர், பந்தலூரை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வைக்காதீர்கள், குன்னூர், கோத்தகிரியை அக்டோபர், நவம்பரில் வைக்காதீர்கள். மழையும் மண்சரிவும் உங்கள் மைல்கல் தேதிகளைப் பார்த்து வருவதில்லை.

நேர்காணலில் கட்டாயம் வரும் கேள்வி, “இதை ஏன் பெரிய நகரத்தில் செய்யக் கூடாது?” இன்னொன்று, “ஐந்து வருடம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?” இரண்டுக்கும் உணர்ச்சி வசப்படாமல் பதில் வைத்திருங்கள். நகரத்து நினைவாற்றல் கிளினிக்குக்கு வருபவர்கள் யார், வர முடியாதவர்கள் யார் என்ற வேறுபாடே உங்கள் ஆய்வு என்று சொல்லலாம்.

மறுப்பு வந்தால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், தருகிற இடங்கள் உண்டு. கேள்வியைக் குறை சொன்னார்களா, முறையையா, ஹோஸ்டையா என்று பிரியுங்கள். ஹோஸ்டைச் சொன்னால் திட்டத்தை மாற்றி எழுதிப் பிரயோஜனம் இல்லை, படி 3க்குத் திரும்புங்கள். அதே திட்டத்துக்கு மறுபடி எத்தனை தடவை விண்ணப்பிக்கலாம் என்று விதியில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அனுப்ப வேண்டும்.

கிடைத்துவிட்டால் முதல் வாரத்தில் போக வேண்டிய இடம் ஹோஸ்டின் அக்கவுண்ட்ஸ் பிரிவு. தனிக் கணக்குத் தலைப்பு திறக்கச் சொல்லுங்கள், களப்பணியாளர் நியமன விதி என்ன, மலையில் வாங்கும் ஜீப் ரசீதும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து வவுச்சரும் ஏற்கப்படுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு நிதியில் மார்ச் 31க்குள் செலவழிக்காத பணத்துக்கும், 12-ஏ படிவத்தில் தர வேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழுக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு என்று பெயர், அலையப் போவது நீங்கள்தான். ஜனவரியிலேயே ரசீதுகளைக் கீழே கொடுத்தனுப்ப ஆரம்பித்துவிடுங்கள்.